முக்கோண எலிமென்ட் ஏன் இவ்வளவு விறைக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி சுருக்கமாக இது: சமதளத் தகைவுக்கு மூன்று நோடு (எலிமென்ட்டுகள் இணையும் புள்ளி) முக்கோணங்களை வைத்துச் சொந்தமாக ஃபைனைட் எலிமென்ட் புரோகிராம், அதாவது பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்டுகளாக)ப் பிரித்துக் கணக்கிடும் புரோகிராம், எழுதியிருக்கிறீர்கள். ஒரு முனை மட்டும் கட்டப்பட்ட கான்டிலீவர் பீமை உயரத்தில் ஒரே வரிசைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மூலைவிட்டத்தால் இரண்டாக வெட்டி ஓட்டினால், முனை இறக்கம் கைக்கணக்கில் கால்வாசிகூட வரவில்லை. புரோகிராமில் பிழையா, முக்கோணத்தின் குறையா? முக்கோணத்தை விடாமலே இதைத் தீர்க்க வழி உண்டா?

புரோகிராம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மெஷ் (எலிமென்ட் வலை) கொடுக்க வேண்டிய விடையே ஏறக்குறைய 22 சதவீதம்தான். எப்படி என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த தீர்வுகள் ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்தன என்பது தானே விளங்கிவிடும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே ஒரு சதுரத்தை எடுங்கள். பாய்ஸன் விகிதம் (ஒரு திசையில் நீளும்போது குறுக்கே எவ்வளவு சுருங்குகிறது என்பது) சுழி என்று வைத்துக்கொள்வோம். பீம் சீராக வளைகிறது: மேல் விளிம்பு நீள்கிறது, கீழ் விளிம்பு சுருங்குகிறது, நடு அச்சில் ஒன்றும் இல்லை. மூலைகளின் கிடை இடப்பெயர்ச்சி என்ன? மேல் வலது மூலை வலப்பக்கம் போகிறது, மேல் இடது மூலை இடப்பக்கம். கீழே இதற்கு நேர்மாறு. நான்கும் ஒரே அளவு. செங்குத்து இடப்பெயர்ச்சி நான்கு மூலைக்கும் சமம் என்பதால் அது திரிபு (நீட்சி, சுருக்கம், வடிவச் சிதைவு ஆகியவற்றின் அளவு) எதையும் உண்டாக்காது. இப்போது கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு மூலைவிட்டம் போடுங்கள். கீழ் முக்கோணத்துக்குக் கிடையான பக்கம் ஒன்றுதான், அது கீழ் விளிம்பு. அந்த விளிம்பில் உள்ள அமுக்கத்தையே அது தன் பரப்பு முழுவதற்கும் பூசிவிடுகிறது. மேல் முக்கோணம் அதேபோல மேல் விளிம்பின் இழுவையைத் தன் பரப்பு முழுவதற்கும் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் திரிபு விளிம்பிலிருந்து நடு அச்சை நோக்கிக் குறைந்துகொண்டே வரவேண்டும். திரிபின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தால் விளிம்பு மதிப்பின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே நீட்சிப் பங்கில் மட்டும் ஆற்றல் 3 மடங்கு.

அதோடு போகவில்லை. கீழ் முக்கோணத்தின் செங்குத்துப் பக்கத்தில் மேல் நோடு வலப்பக்கமும் கீழ் நோடு இடப்பக்கமும் நகர்கின்றன. முக்கோணம் இதை ஷியர் (சறுக்குச் சிதைவு) என்று எடுத்துக்கொள்கிறது. சீராக வளையும் பீமில் ஷியரே கிடையாது. இந்தப் பொய் ஷியரின் ஆற்றல், நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தை 1.5 ஆல் பெருக்கிய அளவு. சதுரத்துக்கு 1.5. ஆக மொத்தம் 4.5 மடங்கு விறைப்பு, இறக்கம் 1/4.5, அதாவது 22 சதவீதம். கட்டங்களைச் சதுரமாக வைக்காமல் உயரத்தைப் போல நான்கு மடங்கு நீளமாக வைத்திருந்தால் 3 + 1.5 × 16 = 27 மடங்கு. இறக்கம் 4 சதவீதத்தைக்கூடத் தொட்டிருக்காது.

முழு இன்டெக்ரேஷன் செய்த சாதாரண நான்கு நோடு நாற்கரத்தை இதே சோதனையில் போட்டால் சதுரத்துக்கு 1.5 மடங்கு வரும். சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் பொய் ஷியர் உண்டு, ஆனால் திரிபு உள்ளே மாற இடம் இருக்கிறது. நாற்கரத்தில் இந்த ஷியரை நீக்க இன்டெக்ரேஷன் புள்ளிகளை (எலிமென்ட்டின் ஆற்றலைக் கூட்ட எடுக்கும் மாதிரிப் புள்ளிகளை)க் குறைப்பது வழக்கம். முக்கோணத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது: திரிபு மாறிலி என்பதால் ஏற்கெனவே ஒரு புள்ளியில்தான் இன்டெக்ரேட் செய்கிறோம், குறைக்க ஒன்றும் இல்லை. இன்டெக்ரேஷனில் கைவைத்து இதைத் தீர்க்க முயல்பவர்கள் நிறையப் பேர், நேரம்தான் போகும்.

மெஷை நெருக்கினால்? சரியாகும், ஆனால் விலை அதிகம். சதுரக் கட்டங்களாகவே வைத்து உயரத்தில் வரிசைகளைக் கூட்டினால், மிகையான 3.5 வரிசை எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுபடும். 2 வரிசைக்கு 1.88, 4 வரிசைக்கு 1.22, 8 வரிசைக்கு 1.05. எட்டு வரிசை போட்டும் 5 சதவீதம் பாக்கி. ஒரு சாதாரண பீமுக்கே இது என்றால், மெல்லிய தகடுகள் நிறைந்த அமைப்பில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகக் காட்ட விரும்புவது வேறொன்று. இரண்டு முக்கோணங்களிலும் உள்ள பிழை சம அளவு, எதிர்க் குறி. கீழ் முக்கோணம் அமுக்கத்தை எவ்வளவு மிகைப்படுத்துகிறதோ அவ்வளவே மேல் முக்கோணம் இழுவையை மிகைப்படுத்துகிறது. ஷியரிலும் அப்படியே. ஆகவே முக்கோணத்துக்கு வேண்டியது திரிபு உள்ளே நேர்கோட்டில் மாறுவதற்கான இடம். அந்த இடத்தை நடுப்பக்க நோடுகளிலிருந்து எடுக்கலாம், மூலைகளின் சுழற்சியிலிருந்து எடுக்கலாம், பக்கத்து முக்கோணத்திடமிருந்தும் எடுக்கலாம். வளைவுச் சிக்கலுக்கு வந்த தீர்வுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இந்த எலிமென்ட் தோன்றிய சூழலையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கூரான்ட் 1943-இல் முறுக்கக் கணக்குக்கு முக்கோணங்களைப் பயன்படுத்தினார். கட்டமைப்புப் பொறியியலுக்குள் இதைக் கொண்டுவந்தது 1956-இல் வெளியான டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரின் கட்டுரை. போயிங் நிறுவனத்தில் விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிட எழுந்த வேலை அது. இறக்கையின் மேல்தகடு பெரும்பாலும் தன் தளத்துக்குள்ளேயே இழுவையையும் ஷியரையும் தாங்குவது. அதற்கு மாறிலித் திரிபு பொருத்தமானதே. தளத்துக்குள் வளைவு வரும் இடத்தில் அதே எலிமென்ட்டைக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல்.

முதல் வழி ஆறு நோடு முக்கோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு நோடு. ஃப்ரேய்ஸ் த வெபெக் 1960-களின் நடுவில் இதை முறைப்படுத்தினார். இடப்பெயர்ச்சி இருபடிக் கோவை என்பதால் திரிபு நேர்கோட்டில் மாறும். மேலே போட்ட வளைவுச் சோதனையில் விகிதம் சரியாக 1. சாதாரண நிலையான சுமைக் கணக்குக்கு, நேரான பக்கங்களோடு, இதைவிட நம்பகமானது கிடையாது. சமதளக் கணக்கு மட்டும் உங்கள் நோக்கம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

ஆனால் இதற்கும் சில மூலைமுடுக்குகள் உண்டு. முக்கோண மெஷில் ஒரு நோடுக்குச் சுமார் மூன்று விளிம்புகள் இருக்கும். நடுநோடு சேர்த்தால் மொத்த நோடு எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. இன்னொன்று, மூலை நோடின் வடிவச் சார்பை (அந்த நோடின் நகர்வு எலிமென்ட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் சார்பை) முழுப் பரப்பிலும் இன்டெக்ரேட் செய்தால் விடை சுழி. அதனால் நிறையை வரிசைக்கூட்டல் முறையில் மூலைவிட்ட அணியாக்கினால் மூலை நோடுகளின் நிறை சுழியாகிவிடும். நேரத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்தும் மோதல் போன்ற எக்ஸ்ப்ளிசிட் டைனமிக்ஸ் கணக்குகளில் நிறையால் வகுக்க வேண்டியிருக்கும், அங்கே இது நேரடியாகக் கழுத்தைப் பிடிக்கும். பத்து நோடு நான்முகியின் முகமும் இதே ஆறு நோடு முக்கோணம்தான். அதன்மேல் சீரான அழுத்தம் கொடுத்தால் மூலைகளுக்குச் சுழி விசை, நடுநோடு ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. இரு பொருள்கள் தொடும் கான்டாக்ட் கணக்கு ஒன்றுவிட்டு ஒன்று நோடில் விசை காட்டித் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது வழி, மூலை நோடுகளுக்குத் தளத்துக்குள் சுழலும் டிஓஎஃப் (நோடு தனித்து அசையக்கூடிய வழி) ஒன்றைக் கூடுதலாகக் கொடுப்பது. ட்ரில்லிங் டிஓஎஃப் என்பார்கள். ஆல்மன் 1984-இல் கொடுத்த வடிவம் மிக எளிது: ஒரு பக்கத்தின் இரு முனைச் சுழற்சிகளின் வித்தியாசத்தைப் பக்க நீளத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால், அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளி எவ்வளவு புடைக்கிறது என்பது கிடைக்கும். நடுநோடு இல்லாமலே நடுநோடின் பலன். ஷெல் (மெல்லிய, வளைந்த தகடு) எலிமென்ட் எழுதுபவர்களுக்கு இது இரட்டை லாபம். ஷெல்லில் நோடுக்கு ஆறு டிஓஎஃப் இருக்கும், அந்த ஆறாவது சும்மா கிடக்காமல் வேலை செய்யும்.

ஆல்மன் முக்கோணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று சுழற்சிகளும் சமமாக இருந்தால் வித்தியாசம் சுழி, புடைப்பும் சுழி, ஆற்றலும் சுழி. உடல் அசையாமல் சுழற்சி மட்டும் எதிர்ப்பின்றி ஓடும். ஓர் இடத்திலாவது சுழற்சியைக் கட்டிவைக்க வேண்டும், அல்லது சிறு விறைப்பு சேர்க்க வேண்டும். பெர்கனும் ஃபெலிப்பாவும் 1985-இல் வேறு பாதையில் போனார்கள்: எலிமென்ட்டின் விறைப்பை மாறிலித் தகைவுக்கான அடிப்படைப் பங்கு, மற்றதற்கான உயர்பங்கு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைச் சுதந்திரமாக அமைத்துக்கொள்வது. அந்த வரிசையில் ஃபெலிப்பா 2003-இல் முடித்துவைத்த முக்கோணம், மேலே நாம் போட்ட வளைவுச் சோதனையில் நீள-உயர விகிதம் எதுவானாலும் 1 என்ற விடையைத் தருமாறு கட்டப்பட்டது. 27 மடங்கு வந்த இடத்தில் 1. மூன்று மூலை நோடுகளை மட்டும் வைத்து இதைச் சாதித்திருப்பது என்னை இன்றும் வியக்கவைக்கும் வேலை. ஷெல் புரோகிராம் எழுதுவீர்கள் என்றால் நேரே இதற்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது வழிதான் உங்கள் புரோகிராமுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நோடு எண்ணிக்கையும் கூடுவதில்லை, டிஓஎஃப்-பும் கூடுவதில்லை. பக்கத்து முக்கோணத்தோடு திரிபைச் சராசரி எடுப்பது. ஜே. எஸ். சென் குழு 2001-இல் மெஷ் இல்லா முறைகளுக்காகக் கொண்டுவந்த திரிபு மென்மையாக்கத்தை, ஜி. ஆர். லியுவும் அவருடன் இருந்தவர்களும் ஃபைனைட் எலிமென்ட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2009-இல் வந்த விளிம்புவழி மென்மையாக்கம் முக்கோணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது.

செய்முறை இது. ஒவ்வொரு முக்கோணத்தின் மையப்புள்ளியையும் மூன்று மூலைகளோடு இணைத்தால் அது மூன்று சம பரப்புகளாகப் பிரியும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. ஒரு விளிம்பின் இருபுறமும் உள்ள இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒரு பகுதியாக்குங்கள். அந்தப் பகுதியின் திரிபு, இரு முக்கோணங்களின் திரிபுக்குப் பரப்பெடைச் சராசரி. வெளி எல்லையில் உள்ள விளிம்புக்கு ஒரு பக்கம்தான், அதன் திரிபை அப்படியே எடுங்கள். விறைப்பு அணியை முக்கோணவாரியாகக் கூட்டாமல் விளிம்புவாரியாகக் கூட்டுங்கள். உள் விளிம்பு ஒவ்வொன்றுக்கும் நான்கு நோடுகள், 8 × 8 அணி. உங்கள் புரோகிராமில் புதிதாக வேண்டியது விளிம்புப் பட்டியல் ஒன்றுதான். திரிபு-இடப்பெயர்ச்சி அணி ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது அந்த ஒற்றை வரிசைப் பீமுக்குத் திரும்புங்கள். மூலைவிட்டத்தின் இருபுறமும் சம அளவு, எதிர்க் குறிப் பிழை. சராசரி எடுத்ததும் சுழி. கட்டங்களுக்கு இடையில் உள்ள செங்குத்து விளிம்பிலும் அப்படியே, ஒருபுறம் இடக்கட்டத்தின் கீழ் முக்கோணம், மறுபுறம் வலக்கட்டத்தின் மேல் முக்கோணம். மிஞ்சுவது மேல் கீழ் எல்லை விளிம்புகளின் துண்டுகள் மட்டும், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 4.5 என்பது 1.5 ஆகிறது. 22 சதவீத இறக்கம் 67 சதவீதம் ஆகிவிட்டது, ஒரு நோடுகூடச் சேர்க்காமல். முழு இன்டெக்ரேஷன் நாற்கரத்துக்கு வந்த அதே எண் இது. இரண்டு வரிசையாக்கினால் விகிதம் 1.06-ஐத் தாண்டாது, பழைய முறையில் அதே மெஷுக்கு 1.88. எட்டு வரிசை முக்கோணங்கள் தந்த துல்லியம் இரண்டு வரிசையில் கிடைக்கிறது. விலை என்னவென்றால் ஒவ்வொரு நோடும் இன்னும் கொஞ்சம் தூரத்து நோடுகளோடு இணைவதால் அணியின் பட்டை அகலமாகும். என் பார்வையில் அது தாராளமாகக் கொடுக்கக்கூடிய விலை. 2018-இல் கொரியாவின் சேமின் லீ, ஃபில்-சுங் லீ இருவரும் இதே எண்ணத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள்: அண்டை முக்கோணங்களோடு எடுத்த சராசரிகளை முக்கோணத்தின் உள்ளே மூன்று காஸ் புள்ளிகளில் (இன்டெக்ரேஷன் புள்ளிகளில்) வைத்து, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் நேர்கோட்டில் மாறும் திரிபைக் கட்டினார்கள். கூட்டலும் வழக்கம்போல எலிமென்ட்வாரியாகவே நடக்கும்.

இதுவரை பேசியது வளைவில் வரும் விறைப்பு. ரப்பர் போன்ற பொருளில், அல்லது உலோகம் முழுதாக பிளாஸ்டிக் நிலைக்குப் போகும்போது, வேறொரு இறுக்கம் வருகிறது. கன அளவு மாறக் கூடாது என்ற நிபந்தனை. ஸ்டீலின் பாய்ஸன் விகிதம் 0.3 தானே என்று இருந்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் ஓட்டத்தில் ஸ்டீலும் கன அளவை மாற்றாது. இதை எண்ணிப் பார்த்தாலே காரணம் தெரியும். பெரிய முக்கோண மெஷில் நோடுகளைப் போல இரண்டு மடங்கு முக்கோணங்கள் இருக்கும். நோடுக்கு டிஓஎஃப் இரண்டு. தடிமன் மாற முடியாத சமதளத் திரிபுக் கணக்கில் முக்கோணத்துக்குப் பரப்பு மாறாமை என்ற நிபந்தனை ஒன்று. நோடு ஒன்றுக்குக் கணக்கிட்டால் இரண்டு டிஓஎஃப், இரண்டு நிபந்தனை. அசைய ஒன்றும் மிச்சமில்லை. நாக்டெகால், பார்க்ஸ், ரைஸ் மூவரும் 1974-இல் இதை விளக்கி, நாற்கரத்தை இரண்டு மூலைவிட்டங்களாலும் வெட்டி நான்கு முக்கோணமாக்கினால் நிபந்தனைகளில் ஒன்று மற்றவற்றிலிருந்தே வந்துவிடும், அதனால் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று காட்டினார்கள். மெஷை அப்படி அமைக்க முடிகிற இடத்தில் இன்றும் நல்ல உத்தி.

விளிம்புவழி முறை இந்த நோய்க்கு மருந்து இல்லை. விளிம்புகள் நோடுக்கு மூன்று, நிபந்தனை கூடத்தான் செய்கிறது. நோடுவழி மென்மையாக்கம், அதாவது ஒரு நோடைச் சுற்றியுள்ள முக்கோணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பது, நோடுக்கு ஒரே நிபந்தனை வைக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்ற ஆரோக்கியமான விகிதம். ஆனால் அது அளவுக்கு மீறித் தளர்ந்தது. அதிர்வுக் கணக்கில் பொய்யான அலைவு வடிவங்களைக் காட்டும். எனவே இரண்டையும் பிரித்துப் பயன்படுத்துவார்கள்: ஷியர் குணகம் வரும் பங்கை விளிம்புவழியாக, கன அளவு மாற்றத்தின் பங்கை நோடுவழியாக. எல்லாத் திசையிலும் ஒரே தன்மையுள்ள பொருளுக்கு இது சுத்தமாக வேலை செய்யும். அழுத்தத்தைத் தனி மாறியாக வைக்கத் தயார் என்றால், ஆர்னால்ட், ப்ரெஸ்ஸி, ஃபோர்ட்டின் 1984-இல் கொடுத்த மினி எலிமென்ட் இருக்கிறது: முக்கோணத்தின் நடுவில் ஒரு குமிழ்ச் சார்பு (விளிம்புகளில் சுழி, உள்ளே மட்டும் புடைப்பது), மூலைகளில் அழுத்தம். கணித ரீதியாக நிலைத்தன்மை நிறுவப்பட்டது.

தகடு வளைவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்துப் போகப் போவது அங்கேதான். மெல்லிய தகட்டுக்கு பட்டோஸ், பாத்தே, ஹோ 1980-இல் ஆராய்ந்து பரிந்துரைத்த டிகேடி முக்கோணம் போதும். தடித்த தகடும் மெல்லிய தகடும் கலந்து வந்தால் எம்ஐடிசி3 என்ற முக்கோணம், அதன்பின் 2014-இல் சுழற்சிக்குக் குமிழ்ச் சார்பு சேர்த்து வந்த எம்ஐடிசி3+.

மெஷ் வடிவத்தில் ஒரு தவறான பயம் பரவியிருக்கிறது: கூர்மையான கோணம் வந்தால் முக்கோணம் கெட்டுவிடும் என்று. பாபுஷ்காவும் அசீஸும் 1976-இல் நிறுவியது வேறு. கெடுப்பது 180 பாகையை நெருங்கும் பெரிய கோணம். ஒல்லியான செங்கோண முக்கோணத்தால் தோராயத்தின் ஒருங்கல் கெடாது. ஆனால் மேலே பார்த்தபடி வளைவில் அதன் பொய் ஷியர் பெருகும். இரண்டும் வேறு வேறு விஷயம்.

எந்த வழியில் போனாலும் எலிமென்ட்டை எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகளைத் தவிர்க்காதீர்கள். ஒன்று அயர்ன்ஸ் கொண்டுவந்த பேட்ச் டெஸ்ட்: ஒழுங்கற்ற ஐந்தாறு முக்கோணங்களின் வெளி எல்லையில் நேர்கோட்டு இடப்பெயர்ச்சி கொடுத்தால், உள்ளே எல்லா இடத்திலும் அதே மாறிலித் திரிபு கடைசி தசம இலக்கம் வரை வரவேண்டும். மற்றது, எங்கும் கட்டப்படாத எலிமென்ட்டின், அல்லது சிறு மெஷின், விறைப்பு அணிக்கு ஐகன் மதிப்பு எடுப்பது. சமதளத்தில் சுழி மதிப்பு மூன்றுதான் இருக்கலாம். நான்காவது சுழி வந்தால் ஆல்மன் முக்கோணத்தில் சொன்ன ஓட்டை போல ஒன்று உங்களிடமும் இருக்கிறது.

அதன்பிறகு குக் 1974-இல் கொடுத்த சரிவகத் தகட்டை ஓட்டுங்கள். அகலம் 48, கட்டப்பட்ட இடப்பக்கம் 44, வலப்பக்கம் 16, தடிமன் 1, யங் குணகம் 1, பாய்ஸன் விகிதம் 1/3, வலப்பக்கத்தில் மேல்நோக்கி மொத்தம் 1 அலகு சீரான ஷியர் சுமை. வலப்பக்க நடுப்புள்ளியின் செங்குத்து நகர்வு 23.9-ஐ ஒட்டி வரவேண்டும். மாறிலித் திரிபு முக்கோணம் 2 × 2 மெஷில் சுமார் 12, 4 × 4-இல் 18.3, 8 × 8-இல் 22 தரும். உங்கள் புது எலிமென்ட் அந்த 22-ஐ 4 × 4-இலேயே நெருங்க வேண்டும். நெருங்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது விளிம்புப் பட்டியலை: ஒரே விளிம்பு இரு முக்கோணங்களிலும் எதிரெதிர் நோடு வரிசையில் வரும்; எண்களைச் சிறியது முதல் பெரியது என அடுக்கி ஒப்பிடாவிட்டால் ஒவ்வொரு உள் விளிம்பும் இரண்டு எல்லை விளிம்புகளாகப் பதிவாகி, சராசரியே நடக்காமல் பழைய விடை திரும்ப வரும்.